அடுப்பும் வழிபாடே: வைக்கம் வரை வந்த சீக்கிய நெறி

புது தில்லி: தேவிகுளம், பீர்மேடு என்ற பெயர்களைக் கேட்டவுடன் தமிழக அரசியலை அறிந்தோர் நினைவில் எழும் பெயர்களுள் ஒன்று சர்தார் கே.எம். பணிக்கர். 1955-இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களுள் அவரும் ஒருவர். தமிழர் மிகுதியாக வாழ்ந்த அவ்விரு வட்டங்களும் கேரளத்துடனேயே இருக்க வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அந்த வடு தமிழகத்தில் இன்னும் ஆறவில்லை.

அதே பணிக்கருக்கு, அதற்கு 31 ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்த வேறொரு சம்பவத்திலும் தொடர்புண்டு. 1924-இல் அவர் அமிருதசரஸில் இருந்தார். குருத்வாராக்களை மகந்துகளின் பிடியிலிருந்து மீட்கப் போராடிய அகாலிகளுக்கும் காங்கிரஸ் கட்சிக்கும் இடையே தொடர்பாளராகப் பணியாற்றினார். அந்த ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி, தேவிகுளத்துக்கு மேற்கே சமவெளியில் உள்ள வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமை கோரி சத்தியாகிரகம் தொடங்கியது. ஏப்ரல் இறுதியில் பஞ்சாபிலிருந்து அகாலிகள் சிலர் அங்கு வந்து சேர்ந்தனர். தொண்டர்களுக்காக இலவச உணவுக்கூடம் ஒன்றைத் திறந்தனர். இதில் பணிக்கரின் தூண்டுதலும் இருந்ததாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

அந்த அடுப்பு நெடுநாள் எரியவில்லை. காந்தியடிகளின் எதிர்ப்பை அடுத்து அது மூடப்பட்டது. வெளியிலிருந்து நோக்கியவர்களுக்கு அது அன்னதானமாகத் தெரிந்தது. அதை நடத்தியவர்களுக்கோ அது வழிபாடு. இவ்விரு பார்வைகளுக்கும் இடையிலான தொலைவை அறிய, ஒரு சீக்கியர் நாள்தோறும் எவ்வாறு தொழுகிறார் என்பதை அறிய வேண்டும். தலைநகரின் குருத்வாராக்களில் அதை எவரும் நேரில் காணலாம்.

விடியலுக்கு முன்

சீக்கியரின் வழிபாட்டு நாள் இரவின் கடைசி யாமத்தில் தொடங்குகிறது. அந்த வேளையை 'அமிர்த வேளை' என்கின்றனர். எழுந்து நீராடி, இறைவனின் பெயரை நினைந்து அமர்ந்த பின், நாள்தோறும் ஓத வேண்டிய பாடல்களை ஓத வேண்டும். இந்த நியமத்துக்கு 'நித்நேம்' என்று பெயர். 'நித்திய நியமம்' என்ற சொல்லே பஞ்சாபியில் அவ்வாறு வழங்குகிறது.

காலையில் குரு நானக் அருளிய ஜப்ஜி சாஹிப், பத்தாவது குருவான கோவிந்த் சிங் அருளிய ஜாப் சாஹிப், சவையே ஆகியவை ஓதப்படுகின்றன. ஜப்ஜி 38 பகுதிகளைக் கொண்டது. ஓதப் பழகியவருக்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும். அந்தி சாயும்போது ரெஹ்ராஸ், உறங்கச் செல்லும் முன் சோஹிலா. இறந்தவர்க்கு எரியூட்டும்போதும் அதே சோஹிலா ஓதப்படுகிறது. இந்த ஒழுங்கு 1945-இல் இறுதி வடிவம் பெற்ற 'சீக்கிய ரெஹத் மரியாதா' என்னும் நெறித்தொகுப்பில் வரையறுக்கப்பட்டுள்ளது. அதைச் செயல்படுத்துவது, குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு.

இவற்றை ஓதுவதற்குப் பூசாரி தேவையில்லை. கோயிலுக்குச் செல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. தில்லியில் பேருந்திலும் மெட்ரோ ரயிலிலும் அலுவலகம் செல்லும் சீக்கியர் பலர், கைக்கடக்கமான 'குட்கா' என்னும் பாடல் நூலைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்கின்றனர். அமிர்தம் பெற்று கால்சாவில் சேர்ந்தவர்கள், வெட்டப்படாத முடி, சீப்பு, இரும்புக் காப்பு, அரைக்கச்சை, கிர்பான் என்னும் ஐந்து அடையாளங்களை எந்நேரமும் அணிகின்றனர். அவர்களைப் பொறுத்தவரை இவ்வடையாளங்களைக் காப்பதும் வழிபாட்டின் பகுதியே.

நூலே குரு

குருத்வாராவில் சிலை இல்லை. மண்டபத்தின் நடுவே விதானத்தின் கீழ் வீற்றிருப்பது குரு கிரந்த சாஹிப். 1604-இல் ஐந்தாவது குரு அர்ஜன் தொகுத்த நூலே பின்னர் விரிவு பெற்றது. 1708-இல் குரு கோவிந்த் சிங், தமக்குப் பின் மனித குரு இல்லை என்றும் அந்த நூலே என்றும் குருவாக விளங்கும் என்றும் அறிவித்தார். ஆகவே அது நூலாக மட்டுமன்றி, உயிருள்ள குருவாகவே நடத்தப்படுகிறது. விடியலில் அதைத் திறந்து வைப்பது 'பிரகாஷ்'. இரவில் மூடித் துணி போர்த்தி ஓய்வறைக்கு எடுத்துச் செல்வது 'சுகாசன்'. பகலில் ஒருவர் அருகில் நின்று கவரி வீசுகிறார்.

தமிழர்க்கு இதில் அந்நியமில்லாத செய்தி ஒன்று உண்டு. தேவாரம் பண்முறையில் வகுக்கப்பட்டிருப்பது போல, 1,430 பக்கங்கள் கொண்ட இந்நூலின் பெரும்பகுதி 31 ராகங்களின் வரிசையில் அடுக்கப்பட்டுள்ளது. சிவாலயங்களில் ஓதுவார் இருப்பதுபோல், இங்கு 'ராகி'கள் இசையோடு பாடுகின்றனர். சீக்கிய குருமார் அறுவரின் பாடல்களோடு, நெசவாளர் கபீர், தோல் தொழிலாளர் ரவிதாஸ், தையற்காரர் நாமதேவர், சூஃபி ஞானி ஷேக் ஃபரீத் உள்ளிட்ட அடியார் 15 பேரின் பாடல்களும் அதில் உள்ளன. சாதி காரணமாகக் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் சொற்கள் அடங்கிய நூலின் முன், வருவோர் அனைவரும் நெற்றி தரையில் பட வணங்குகின்றனர்.

காலையில் நூலை ஏதேனும் ஒரு பக்கத்தில் திறந்து, அங்கு வரும் பாடலைப் படிக்கின்றனர். அதுவே அன்றைய 'ஹுக்கம்', அதாவது குருவின் ஆணை. அமிருதசரஸ் பொற்கோயிலின் அன்றாட ஹுக்கம் உலகெங்கும் உள்ள சீக்கியர்களால் ஒவ்வொரு காலையும் அறியப்படுகிறது. இவ்வழக்கம் சீக்கிய வரலாற்றில் ஒரு பெரும் சாதிப் பிணக்கைத் தீர்த்ததைப் பின்னர்க் காண்போம்.

வேண்டுதலில் வரலாறு

எந்த வழிபாடும் 'அர்தாஸ்' என்னும் வேண்டுதலுடன் நிறைவுறுகிறது. அனைவரும் எழுந்து கைகூப்பி நிற்க, ஒருவர் உரக்கச் சொல்கிறார். பத்து குருமார், முதலில் அமிர்தம் பெற்ற ஐவர், சமயத்துக்காக உயிர் ஈந்தோர் ஆகியோர் நினைவுகூரப்படுகின்றனர். பின்னர் அவரவர் வேண்டுதல். முடிவில் உலகினர் அனைவருக்கும் நலம் கோரப்படுகிறது.

ஒரு சமூகத்தின் அரசியல் நினைவு அன்றாட வழிபாட்டிலேயே பதிந்திருப்பதற்கு அர்தாஸ் நல்ல சான்று. 1947 பிரிவினையில், குரு நானக் பிறந்த நன்கானா சாஹிப் உள்ளிட்ட தலங்கள் பாகிஸ்தானில் அமைந்தன. அவற்றைத் தடையின்றித் தரிசிக்கும் பேறு வேண்டும் என்ற கோரிக்கை அதன்பின் அர்தாஸில் சேர்க்கப்பட்டது. குரு நானக் இறுதிக் காலத்தைக் கழித்த கர்தார்பூருக்கு 2019 நவம்பர் 9-ஆம் தேதி வழித்தடம் திறக்கப்பட்டபோது, 70 ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் வேண்டியது ஓரளவு நிறைவேறியதாகவே சீக்கியர்கள் கொண்டாடினர். 2025 மே மாதம் இரு நாடுகளின் மோதலை அடுத்து இந்தியத் தரப்பில் அந்தப் பயணம் நிறுத்தப்பட்டது.

தில்லி மண்ணிலும் இந்நினைவு ஆழமானது. 1675-இல் ஒன்பதாவது குரு தேக் பகதூர் தலை வெட்டப்பட்ட சாந்தினி சௌக்கில் சீஸ் கஞ்ச் குருத்வாராவும், அவரது உடல் எரியூட்டப்பட்ட இடத்தில், இன்றைய நாடாளுமன்றத்துக்கு அருகிலேயே, ரகாப் கஞ்ச் குருத்வாராவும் நிற்கின்றன. இந்திரா காந்தி படுகொலையை அடுத்து 1984-இல் தில்லியில் கொல்லப்பட்ட சீக்கியர் 2,733 பேர் என்பது அரசு ஏற்றுக்கொண்ட கணக்கு. அவர்களுக்கான நினைவுச் சுவர் 2017-இல் ரகாப் கஞ்ச் வளாகத்திலேயே எழுப்பப்பட்டது. நாடாளுமன்றத்துக்குச் செல்வோரின் கண்ணெதிரே அது உள்ளது.

ஒரே பந்தி

வழிபாடு முடிந்ததும் கோதுமை மாவு, நெய், சர்க்கரை சேர்த்துக் கிண்டிய 'கடா பிரசாத்' எல்லோருக்கும் வழங்கப்படுகிறது. பிறகு லங்கர் என்னும் பொது உணவுக்கூடம். இதில் வரிசையாகத் தரையில் அமர்வதற்கு 'பங்கத்' என்று பெயர். நம் 'பந்தி'யும் அவர்களின் 'பங்கத்'தும் பங்க்தி என்ற ஒரே வடசொல்லின் வழி வந்தவையே.

1664-இல் எட்டாவது குரு ஹர் கிருஷண் தங்கி நோயாளிகளுக்குத் தொண்டு செய்த மாளிகை இருந்த இடத்தில் உள்ளது, பங்களா சாஹிப் குருத்வாரா. அங்கு வரும் எவரிடமும் சமயமோ சாதியோ கேட்கப்படுவதில்லை. வாயிலில் பிறரது காலணிகளை வாங்கி அடுக்குவோர், ரொட்டி தேய்ப்போர், பாத்திரம் துலக்குவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். நீதிபதியும் வணிகரும் ஓட்டுநரும் அவர்களுள் அடக்கம். இது 'சேவா'. இறைவனின் பெயரை நினைதல், நேர்மையாக உழைத்தல், பகிர்ந்துண்ணல் என்னும் மூன்றும் குரு நானக் காட்டிய வழியாகச் சீக்கியர் கொள்கின்றனர். வருவாயில் பத்தில் ஒரு பங்கைப் பொதுநலனுக்கு ஒதுக்கும் 'தஸ்வந்த்' நெறியே இந்த அடுப்புகளை அணையாமல் காக்கிறது.

இங்கு உண்பவர் இரப்பவர் அல்லர். இடுபவர் வள்ளலும் அல்லர். யாருடன் அமர்ந்து உண்பது என்பதே சாதியின் முதல் வரம்பாக இருந்த சமூகத்தில், அவ்வரம்பை ஒவ்வொரு நாளும் மீறுவதைச் சமயக் கடமையாக்கினர் சீக்கிய குருமார். பசித்தோர்க்கு உணவிடுவதையே வழிபாடாகக் கண்ட வள்ளலார் 1867-இல் வடலூரில் ஏற்றிய அடுப்பை அறிந்த தமிழர்க்கு இது எளிதில் விளங்கும். 2020-21-இல் தில்லி எல்லையில் விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் முற்றுகையிட்டபோது போராட்டத்தைத் தாங்கியதும் லங்கரே. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் தில்லி மூச்சுத் திணறியபோது, ரகாப் கஞ்ச் வளாகத்தில் 400 படுக்கைகள் கொண்ட சிகிச்சை மையம் அமைக்கப்பட்டது.

சிறை சென்ற தமிழர்

இந்த வழிபாட்டு முறைக்காகச் சிறை சென்ற தமிழர் ஒருவர் உண்டு. 1923-இல் நாபா சமஸ்தான மன்னர் ரிபுதமன் சிங்கை ஆங்கில அரசு பதவியிலிருந்து இறக்கியது. அவருக்காக ஜெய்தோ என்னும் ஊரில் நடந்த 'அகண்ட பாட்' எனப்படும் இடைவிடாப் பாராயணத்தைச் செப்டம்பர் மாதம் படையினர் இடையில் நிறுத்தினர். ஏறத்தாழ 48 மணி நேரம் தொடர்ந்து ஓதி முடிக்க வேண்டிய பாராயணம் தடைபட்டது, சீக்கியர்க்குப் பொறுக்கவொண்ணாத அவமதிப்பாயிற்று.

அதே மாதம் அங்கு நிலைமையைக் காணச் சென்ற ஜவாஹர்லால் நேரு, ஆசார்ய கித்வானி, கே. சந்தானம் ஆகிய மூவரும் கைது செய்யப்பட்டு நாபா சிறையில் அடைக்கப்பட்டனர். இந்தச் சந்தானம், பின்னாளில் ஊழல் தடுப்புக்கான 'சந்தானம் குழு'வின் தலைவராகப் பெயர்பெற்ற அதே தமிழ்நாட்டுத் தலைவர்தாம். 1924 பிப்ரவரி 21-ஆம் தேதி ஜெய்தோவுக்கு அணிவகுத்துச் சென்ற அகாலிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1925-இல் 101 பாராயணங்கள் நிறைவேறிய பின்னரே போராட்டம் ஓய்ந்தது. இந்தச் சூட்டின் நினைவு மாறாத வாரங்களில்தான் அகாலிகள் வைக்கத்துக்குப் புறப்பட்டனர்.

மூடப்பட்ட அடுப்பு

வைக்கத்தில் தலைவர்கள் பலர் சிறைப்பட்ட நிலையில், ஏப்ரல் 13-ஆம் தேதி ஈ.வெ. ராமசாமி அங்கு வந்து போராட்டத்துக்கு வலிமை சேர்த்தார். அவரைத் தொடர்ந்து அகாலிகளும் வந்தனர். காந்தியடிகளோ, வைக்கம் போராட்டத்தை இந்துக்களே நடத்த வேண்டும் என்று கருதினார். மதுரை வழக்கறிஞரும் கிறிஸ்தவருமான ஜார்ஜ் ஜோசப்பை விலகி நிற்குமாறு கூறினார். சீக்கியரின் இலவச உணவுக்கூடம் உள்ளூர் மக்களின் தன்மானத்துக்குக் குந்தகம் விளைவிக்கும் என்று எழுதினார். தங்கள் போராட்டத்தின் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. வெளியாரின் பொருளை நம்பும் போராட்டம் வேரற்றுப் போகக்கூடும். ஆனால் லங்கரைத் தருமச் சத்திரமாகக் கொண்டதில்தான் பிழை நேர்ந்தது. ஈழவரும் புலையரும் நாயரும் ஒரே வரிசையில் அமர்ந்துண்ண ஓர் இடம் அமைவது, தெருவில் நடக்கும் உரிமையைவிடச் சிறியதன்று. 1917-இல் கேரளத்தின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் ஈழவரையும் புலையரையும் ஒன்றாக அமர்த்தி உணவருந்தச் செய்ததற்காக ஊர்விலக்குக்கு ஆளானார். 1924-25-இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்க்குத் தனிப் பந்தி போடப்பட்டது தமிழ்நாட்டுக் காங்கிரஸையே பிளந்தது. பந்தி எத்துணை பெரிய அரசியல் என்பதை அவ்வாண்டுகள் காட்டின.

அந்த அடுப்பின் நினைவு கேரளத்தில் முற்றிலும் மறையவில்லை. 1935 அக்டோபரில் இந்து சமயத்தை விட்டு விலகப்போவதாக அறிவித்த அம்பேத்கர், மறு ஆண்டு சீக்கியத்தைப் பரிசீலித்தபோது, கேரளத்து ஈழவர் சிலர் சீக்கியம் தழுவினர். 1936 நவம்பர் 12-ஆம் தேதி திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டதற்குப் பின்னணியாக இருந்த காரணங்களுள் மதமாற்ற அலையும் ஒன்று. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் கேரளத்தைச் சூழ்ந்தபோது, கால்சா எய்ட் தொண்டர்கள் கொச்சியில் லங்கர் நடத்தினர். இம்முறை எவரும் தடுக்கவில்லை.

சாதி என்னும் சோதனை

நாள்தோறும் ஒரே வரிசையில் அமர்வதால் சாதி ஒழிந்துவிட்டதா என்ற வினாவுக்கு, சீக்கிய வரலாறே நேர்மையான விடை தருகிறது. 1699-இல் குரு கோவிந்த் சிங்கிடம் முதலில் அமிர்தம் பெற்ற ஐவருள், பீதரைச் சேர்ந்த நாவிதரும் பூரியைச் சேர்ந்த தண்ணீர் சுமப்பவரும் இருந்ததாக மரபு கூறுகிறது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொற்கோயிலிலேயே, தலித் சீக்கியர் கொண்டுவந்த பிரசாதத்தைப் பூசாரிகள் ஏற்க மறுத்தனர்.

1920 அக்டோபர் 12-ஆம் தேதி இது நேரடிப் பிணக்காக வெடித்தது. குரு கிரந்த சாஹிபைத் திறந்து, வரும் பாடலையே தீர்ப்பாகக் கொள்வது என முடிவாயிற்று. தகுதியற்றவர் எனப்பட்டோரையும் இறைவன் ஏற்பான் என்ற பொருள்படும் பாடல் வந்தது. பிரசாதம் ஏற்கப்பட்டது. அடுத்த மாதமே குருத்வாரா பிரபந்தக் குழு உருவாயிற்று. 1925-இல் சட்டம் வந்தது. ஆக, குருத்வாராக்களைத் தேர்தல் மூலம் அமையும் குழுவிடம் ஒப்படைத்த பேரியக்கத்தின் தோற்றுவாய்களுள், ஒரு தட்டுப் பிரசாதத்தின் மீதான சாதிப் பூசலும் ஒன்று.

எனினும் 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் ஏறத்தாழ 32 விழுக்காடு தலித்துகள் வாழும் பஞ்சாபில், பல கிராமங்களில் சாதிவாரியாகத் தனித்தனிக் குருத்வாராக்களும் சுடுகாடுகளும் உள்ளன. பெண்கள் நூலை ஓதவும் சடங்குகளை நடத்தவும் நெறிப்படி முழு உரிமை உண்டு; ஆனால் பொற்கோயிலின் உள்மண்டபத்தில் கீர்த்தனம் பாடும் வாய்ப்பு ஆண்களுக்கே அளிக்கப்பட்டு வந்தது. அதை மாற்றக் கோரி 2019 நவம்பரில் பஞ்சாப் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. நெறி ஒன்று சொல்ல, நடைமுறை வேறாக இருப்பது எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான நோய்.

தமிழ்ச் சீக்கியர்

2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் சீக்கியர் 4,000 பேருக்கும் குறைவு. தமிழகத்தில் 15,000 பேருக்கும் குறைவு. சென்னை தியாகராயநகர் குருத்வாராவும், குரு நானக் வருகை புரிந்ததாகக் கருதப்படும் ராமேசுவரத்தில் உள்ள குருத்வாராவும் தமிழர் பலர் அறிந்தவை.

அண்மைக்காலத்தில் புதிய பிரிவு ஒன்று சேர்ந்துள்ளது. தூத்துக்குடியைச் சேர்ந்த உச்சநீதிமன்ற வழக்கறிஞர் ஜீவன் சிங் 2023-இல் சீக்கியம் தழுவினார். 2024 மக்களவைத் தேர்தலில் அவரது பகுஜன் திராவிடக் கட்சியின் சார்பில் தமிழகத்தின் 7 தொகுதிகளில் தலைப்பாகை அணிந்த தமிழர்கள் போட்டியிட்டனர். சாதி இழிவிலிருந்து விடுபடும் வழியாகவே இவர்கள் சீக்கியத்தைக் காண்கின்றனர்.

இதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, பஞ்சாபின் நான்கு சீக்கிய சாதிகள் நீங்கலாக, இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956 திருத்தம் சீக்கியரையும், 1990 திருத்தம் பௌத்தரையும் சேர்த்தது. கிறிஸ்தவம், இஸ்லாம் தழுவிய தலித்துகளுக்கு அந்தத் தகுதி இல்லை. இதை ஆராய 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. எனவே சீக்கியம் தழுவும் தலித், இடஒதுக்கீட்டு உரிமையை இழக்க வேண்டியதில்லை.

ஆனால் உரிமைச் சான்றிதழ் மட்டும் ஒருவரைச் சீக்கியராக்குவதில்லை. விடியலுக்கு முன் எழுந்து ஓதுவதும், வந்தவருக்குப் பரிமாறுவதும், எவர் அருகிலும் அமர்ந்து உண்பதும் நாள்தோறும் நிகழ வேண்டும். புதிதாக வருவோர்க்கு இந்தக் கடமைகள் விதிக்கப்படும்போது, அவர்கள் பரிமாறும் உணவைச் சாதி பாராமல் ஏற்கும் கடமை பஞ்சாபின் கிராமங்களுக்கும் உண்டு. 1920-இல் பொற்கோயிலில் ஏற்கப்பட்ட அந்தத் தீர்ப்பு, அங்குள்ள ஒவ்வொரு ஊரிலும் நடைமுறையாவதைப் பொறுத்தே தெற்கில் இந்நெறி வேரூன்றுமா என்பது முடிவாகும்.